மலிவு யாருடைய நஷ்டம்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலேறி, பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னை சென்ட்ரலுக்குப் போகின்றவர்கள் இறங்குகின்ற இடத்திற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பெயர்தான் மிஞ்சியிருக்கிறது, மார்க்கெட் இல்லை. 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, பழைய புத்தகம், பழைய சாமான் என்றால் ஊர் ஊராக ஆட்கள் தேடி வந்த அந்தச் சந்தை, 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி தீக்கிரையாயிற்று. அதைக் கண்ணால் கண்டவர்களல்லர் நாம். ஆயினும் நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் ஒருவர், தாம் இளவயதில் அங்கே ஒரு கடையில், மிஸ்ரு தேசத்தில் அச்சான பழைய பிக்ஹு கிதாபு ஒன்றை இரண்டு ரூபாய்க்கு வாங்கிய கதையைப் பாடத்தின் நடுவே அடிக்கடி சொல்லுவார்கள். கடைக்காரருக்கு அரபி தெரியாது. கிதாபைக் கையால் தூக்கிக் கனம் பார்த்து விலை சொன்னாராம். அந்த இரண்டு ரூபாயைச் சொல்லும்போது உஸ்தாத் அவர்களின் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கும் அது தொற்றிக்கொள்ளும்.

மலிவாக வாங்கியதைச் சொல்லி மகிழாதவர் யார்? "இது எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று விருந்தாளியிடம் ஒரு மேசையையோ குக்கரையோ காட்டிக் கேட்காத வீடு நம்மில் குறைவு. விருந்தாளி கூட்டிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் குறைத்துச் சொல்ல வேண்டும். அதில் ஓர் இன்பம். ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஆயிரம் ரூபாய்க்கே வாங்கியவனுக்கு இந்த இன்பம் கிடைப்பதில்லை. அப்படியானால் இந்த இன்பம் எதிலிருந்து பிறக்கிறது? மற்றொருவன் நமக்கு விட்டுக்கொடுத்த தொகையிலிருந்தா? அல்லது அவன் அறியாமல் இழந்துவிட்ட தொகையிலிருந்தா? இந்தக் கேள்வியை நாம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. நாமும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கேட்டுக்கொண்டதில்லை.

பேரம் பேசுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களுடைய களைத்துப்போன ஒட்டகத்திற்கு விலை பேசியிருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகின்ற ஹதீஸ் அது. மதீனா வந்து சேர்ந்ததும் பேசிய பணத்தையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்மில் பலர் இந்த ஹதீஸின் முற்பகுதியை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு, பிற்பகுதியைப் பெரியார்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடுகிறோம்.

நம் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய பொருளுக்கு ஒரு தனி வாழ்வு உண்டு. சிப்காட்டிலும் அதைச் சுற்றியும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக வார்க்கின்ற ஆலைகள் பல இருக்கின்றன. எங்கெங்கிருந்தோ லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்குகிறது. அதனால் இங்கே எந்தப் பழைய சாமானுக்கும் ஓர் அடிமட்ட விலை உண்டு; அது எடைக்குப் போகின்ற விலை. இரும்பு விலை ஏறினால் இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய சைக்கிளும் தராசில் ஏறிவிடும். இந்தப் பழைய இரும்புக் கடைக்குத் தமிழ்நாடு முழுவதும் காயலான் கடை என்று பெயர் வந்ததே, அத்தொழிலில் முன்னின்ற காயல்பட்டினத்து மக்களால்தான் என்பர். ஆகவே பழைய பொருளை வாங்கி விற்பது நம் சமுதாயத்திற்கு அந்நியமான தொழிலல்ல. புதுப்பேட்டையில் மோட்டார் உதிரி பாகம் தேடி அலைந்தவர்களுக்கும், வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரத்தில் கூடுகின்ற சந்தையில் மின்விசிறி வாங்கியவர்களுக்கும் இது தெரியும். (அந்தச் சந்தைக்குப் போகின்ற நம் சகோதரர்கள் ஜும்ஆவின் பாங்கு கேட்டதும் பேரத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டாமல் போக மனமில்லை.)

இப்படி ஊரில் சுற்றித் திரிந்துகொண்டிருந்த பழைய பொருள்களெல்லாம் இப்போது செல்போனுக்குள் புகுந்துவிட்டன. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே என்ற இணைய ஏலக்கடை, 2004-ல் ஓர் இந்திய நிறுவனத்தை விலைக்கு வாங்கி இங்கே கடை விரித்தது. 2018-ல் அதை மூடிவிட்டார்கள். அதற்குள் 2006-ல் தோன்றிய ஓ.எல்.எக்ஸ். வீட்டுக்கு வீடு அறிமுகமாகிவிட்டது. பேஸ்புக்கிலும் ஒரு சந்தை, வாட்ஸ்அப் குழுக்களில் தெருவுக்கு ஒரு சந்தை. பொன்னேரியில் கிடக்கும் பீரோவைத் திருவள்ளூரில் உட்கார்ந்துகொண்டு விலை பேசுகிறார்கள்.

இதனால் நேர்ந்த மாறுதல்களில் பெரியது எது என்று கேட்டால், விலை தெரிந்துபோனதுதான் என்போம். முன்பு ஒரு பழைய சாமானுக்கு இன்ன விலை என்று யாருக்கும் தெரியாது. விற்பவன் ஒன்று நினைப்பான், வாங்குபவன் ஒன்று நினைப்பான், இடையில் எங்கோ முடியும். இன்றோ அதே மாதிரி, அதே வயதுள்ள பொருள் எங்கெங்கே என்ன விலைக்குப் போகிறது என்பதை ஒரு நொடியில் பார்த்துவிடலாம். பழைய சாமான் பிரியர்கள் இதனால் மனம் நொந்து போயிருக்கிறார்கள். "முன்பு போல் இப்போது எதுவும் சிக்குவதில்லை, ஓட்டை மேசைக்குக்கூட செல்போனைப் பார்த்து விலை சொல்கிறான்" என்று நம்மிடமே ஒரு பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் விலை தெரிந்தது எல்லோருக்கும் ஒன்று போலவா? இங்கேதான் நம்முடைய சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஆலைகள் நின்றன. சிப்காட்டை நம்பி ஒடிசா, பீஹார், வங்காளம் என்று பல மாநிலங்களிலிருந்து வந்து, வரிசை வீடுகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள் வேலையும் கூலியும் இல்லாமல் முடங்கினார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் புறப்பட்டார்கள். எடுத்துச் செல்ல முடியாத சாமான்களை விற்றார்கள். அந்த நாட்களில் நம் தெருவில் ஒடிசாக்கார இளைஞர் ஒருவர் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாங்கி ஒன்றரை வருடந்தான் இருக்கும்; நல்ல சைக்கிள். நம் தமக்கை மகனுக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது.

"எவ்வளவு தம்பி?" என்று கேட்டோம்.

"ஆயிரத்து ஐந்நூறு குடுங்க பாய்" என்றார்.

அவரை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்ச் செல்போனில் பார்த்தோம். அதே கம்பெனி சைக்கிள், அதைவிடப் பழையது, இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் என்று போட்டிருந்தது. வெளியே வந்து, "எண்ணூறு என்றால் எடுத்துக்கொள்கிறோம்" என்றோம். பார்த்த விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் தயங்கினார். "இன்னிக்கு ராத்திரி போகணும் பாய்" என்றார். ஒரு நூறு கூட்டினோம். தொள்ளாயிரம் ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று வீட்டில் நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டோம்: "இது எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள் பார்க்கலாம்."

மதரஸா மூடிக் கிடந்த நாட்கள் அவை. பாடம் விட்டுப்போகக் கூடாது என்று கிதாபுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். வியாபாரப் பாடத்தில் தலக்கீ என்ற மஸ்அலா வந்தது. எத்தனையோ தடவை ஓதியது, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தது. வெளியூரிலிருந்து சரக்கு ஏற்றி வருகின்ற வணிகக் கூட்டத்தை, அவர்கள் சந்தைக்குள் வந்து சேர்வதற்கு முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அப்படி யாராவது வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்த பிறகு அந்த விற்பனையை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டென்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. ஷாபியீ மத்ஹபில், சந்தை விலைக்குக் குறைவாக அவர் ஏமாந்திருந்தால் இந்த உரிமை நிலைபெறும். ஹனபீ மத்ஹபில், சந்தை நிலவரத்தை அவரிடமிருந்து மறைத்திருந்தால், அல்லது ஊராருக்கு அதனால் இடையூறு நேர்ந்தால் அது மக்ரூஹ்.

இந்த மஸ்அலாவை ஓதும்போதெல்லாம் பாலைவனமும் ஒட்டக வரிசையும்தான் மனக்கண்ணில் தோன்றும். அன்று முதன்முதலாக நம் தெருவும் அந்த ஒடிசாக்கார இளைஞரும் தோன்றினார்கள். சரக்கோடு வந்தவர் அவர். சந்தை நம் சட்டைப் பையில் இருந்தது. சந்தைக்குள் நுழைந்து விலையைத் தெரிந்துகொண்டு வந்து, அதை அவரிடம் சொல்லாமல் வாங்கியவர் நாம்.

இதற்குச் சமாதானம் சொல்வது எளிது. அந்த இளைஞரிடமும் செல்போன் இருந்தது. அவரும் பார்த்திருக்கலாமே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இணையச் சந்தையில் விற்க வேண்டுமானால் படமெடுத்துப் போட வேண்டும், வருகின்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், நல்ல விலை வரும் வரை நான்கு நாள் காத்திருக்க வேண்டும். இரவு ரயிலுக்குப் போகிறவனுக்கு நான்கு நாள் ஏது? விலை தெரிந்தும் அவனால் அந்த விலையை வாங்க முடியாது. இப்படி நெருக்கடியில் அகப்பட்டவன் விற்பதைக் கிதாபுகளில் முள்தர்ருடைய விற்பனை என்று தனியாகவே பேசியிருக்கிறார்கள். அதைக் குறித்து வருகின்ற ஹதீஸின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று முஹத்திஸ்கள் சொல்லியிருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் அப்படிப்பட்டவனுடைய பொருளை அடிமாட்டு விலைக்குப் பறிப்பதைவிட, அவனுக்குக் கடன் கொடுத்து உதவுவதோ, தகுந்த விலைக்கு வாங்குவதோதான் பண்பு என்று உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள்.

"அப்படியானால் உங்கள் சைக்கிள் ஹராமா?" என்று கேட்பீர்கள். இல்லை. அவர் விலையைச் சொன்னார், நாம் குறைத்தோம், அவர் ஒப்பினார், பணமும் பொருளும் கைமாறின. பொய் சொல்லவில்லை, குறை சொல்லிப் பொருளை மட்டம் தட்டவும் இல்லை. விலையில் ஏமாந்ததை மட்டும் காரணமாகக் காட்டி விற்பனையை முறிக்க ஷாபியீ மத்ஹபில் பொதுவாக இடமில்லை. ஹனபீ மத்ஹபில் ஏமாற்றுப் பேச்சும் சேர்ந்து, நஷ்டமும் பெரிதாக இருந்தால் இடமுண்டு என்பர். பத்வா கேட்டால், நம்முடையது செல்லும் என்றே பதில் வரும். நம்மை உறுத்தியது பத்வா அல்ல.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தைப் பற்றி எழுதும்போது நீதியை ஒரு பாடமாகவும், அதற்கு மேலுள்ள இஹ்ஸானை வேறொரு பாடமாகவும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்லும் ஒரு நுட்பம் இன்றைய பேரப் பிரியர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஏழையிடம், நலிந்தவனிடம் வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்து நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வது நற்செயல். ஆனால் தேவைக்கு மேல் லாபம் தேடுகின்ற பணக்கார வியாபாரியிடம் ஏமாந்துவிட்டு வருவதில் எந்தப் புகழும் இல்லை. அது பணத்தை வீணடிப்பதே. என்ன தெளிவான பார்வை! நாம் செய்வதோ தலைகீழ். பெரிய கடைகளிலும் அமேசானிலும் ஃப்ளிப்கார்ட்டிலும் போட்ட விலையைக் கேள்வியில்லாமல் கொடுத்துவிட்டு, தள்ளுவண்டிக்காரரிடமும் ஊருக்குப் போகிற தொழிலாளியிடமும் வந்துதான் வீரத்தைக் காட்டுகிறோம்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பட்டு வணிகர். ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து நூறு என்று விலை சொன்னார். இதன் மதிப்பு அதிகம் என்றார்கள் இமாம் அவர்கள். அவர் நூறு நூறாகக் கூட்டி நானூறு வரை வந்தார். இன்னும் அதிகம் என்றார்கள். தம்மைப் பரிகாசம் செய்கிறார்களோ என்று அப்பெண் ஐயுற்றார். மதிப்புத் தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள்; அது ஐந்நூறுக்குப் போயிற்று. விலை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்ற அதே நிலைதான். தெரிந்தவர் தம் அறிவை எந்தப் பக்கத்துத் தட்டில் வைத்தார் என்று பாருங்கள்.

நம் பெரியவரின் குறைக்கு இப்போது வருவோம். முன்பு போல் எதுவும் சிக்குவதில்லை என்கிறாரே, அது கெட்டதா?

அபூதாவூத் கிரந்தத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அன்ஸாரிகளில் ஒருவர் வறுமை தாளாமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வருகிறார். வீட்டில் ஏதேனும் உண்டா என்று விசாரிக்கிறார்கள். பாதியைப் போர்த்திப் பாதியை விரித்துக்கொள்கிற ஒரு கம்பளமும், தண்ணீர் குடிக்கின்ற ஒரு கிண்ணமும் உண்டு என்கிறார். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் எடுத்துக்கொண்டு, வாங்குவார் யார் என்று சபையில் கேட்கிறார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்திற்குக் கேட்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதோடு முடித்துவிடவில்லை. அதற்கு மேல் தருவார் யார் என்று இரண்டு மூன்று முறை கேட்கிறார்கள். வேறொருவர் இரண்டு திர்ஹத்திற்கு எடுத்துக்கொள்கிறார். ஒன்றில் வீட்டுக்கு உணவும், மற்றொன்றில் கோடாரி ஒன்றும் வாங்கச் சொல்லி, அதற்குத் தம் கையாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படி அனுப்புகிறார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துக்கொண்டு வருகிறார்.

உழைப்பின் சிறப்பைச் சொல்ல இந்த ஹதீஸை மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். பழைய கம்பளத்தையும் கிண்ணத்தையும் விற்ற அந்தப் பகுதியை ஓடிக் கடந்துவிடுகிறோம். முதலில் ஒரு திர்ஹத்திற்குக் கேட்டவர் தவறேதும் செய்யவில்லை. ஆயினும் அவர் கேட்டபடியே முடிந்திருந்தால் அன்று உணவு மட்டும் வந்திருக்கும், கோடாரி வந்திருக்காது. பழைய பொருளை விற்கின்ற ஏழைக்கு அந்த இரண்டாவது திர்ஹம்தான் பிழைப்பு. இன்று இணையச் சந்தையில் ஒரு பொருளைப் போட்டவன், மேல் விலை தருவார் யார் என்று ஊர் முழுவதையும் கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற ஒரு திர்ஹத்திற்கே கொடுத்துத் தொலைக்க வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு இல்லை. அதைக் குறித்து நாம் வருந்தினால், யாருடைய கோடாரிக்காக வருந்துகிறோம்?

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பழைய பொருளை நம்பி வாழ்கின்ற வாங்குவோரும் ஏழைகளே. வரிசை வீட்டில் குடியேறுகிற தொழிலாளி குடும்பத்திற்கு முதல் மின்விசிறி, முதல் கட்டில், பிள்ளைக்கு முதல் சைக்கிள் எல்லாம் யாரோ பயன்படுத்தி விட்டவையாகத்தான் இருக்கும். முன்பு வசதியுள்ள வீடுகளில் தொட்டிலும் நடைவண்டியும் பள்ளிக்கூடப் பையும் பிள்ளைகள் வளர்ந்ததும் உறவுக்காரருக்கோ வேலைக்கார அம்மாவின் வீட்டுக்கோ போய்விடும். இப்போது அவையும் படமெடுக்கப்பட்டு விலை போடப்படுகின்றன. முந்நூறு ரூபாய் கிடைக்குமென்றால் சும்மா கொடுக்க மனம் வருவதில்லை. போதாக்குறைக்கு, மலிவாக எது வந்தாலும் இடையில் ஒருவர் அதை மொத்தமாக வாங்கி, துடைத்து, இரட்டை விலைக்கு மறுபடியும் போடுகிறார். வியாபாரம் ஆகுமானதே. ஆனால் ஏழை வீட்டு அடுப்படி வரை இறங்கிவந்துகொண்டிருந்த ஒரு வாய்க்கால் வழியிலேயே வற்றிவிடுகிறது.

வற்றியதும் அவர்கள் எங்கே போகிறார்கள்? புதிய பொருளுக்கு, தவணையில். வட்டியில்லாத் தவணை என்று அதற்குப் பெயர் வேறு. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் மறைந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. மார்க்கம் அறியாத வங்கிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமற் போகலாமா? தவணை தவறினால் வட்டிக்கு மேல் அபராதம். பழைய மின்விசிறியை எண்ணூறு ரூபாய்க்கு ரொக்கமாக வாங்கிய குடும்பம் வட்டியின் பக்கம் தலைவைக்காமல் இருந்தது. ஆகவே ஹலாலான வாழ்வுக்குப் பழைய சாமான் ஒரு பாதுகாப்பு என்றே சொல்வோம். சூரத்துல் மாஊனில் அல்லாஹு தஆலா கண்டிக்கின்ற அற்பப் பொருள்களைத் தடுத்து வைத்தல் என்பதற்கு, கோடாரி, வாளி, பானை போன்றவற்றை இரவல் கொடுக்க மறுப்பது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். தேவையில்லாத தொட்டிலை முந்நூறு ரூபாய்க்காகச் செல்போனில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தரையில் கிடக்க விடுகிறவர்கள், அந்த சூராவை நாள்தோறும் தொழுகையில் ஓதுகிறோம்.

ஆக, விலை ஏறியது நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இல்லாதவன் விற்கும்போது ஏறட்டும். இருப்பவன் விற்கும்போது இறங்கட்டும். சந்தைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. வாங்குகின்றவனுக்கும் விற்கின்றவனுக்கும்தான் தெரிய வேண்டும்.

நேயர்கள் கேட்டனுப்புகின்ற வேறு சில மஸ்அலாக்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். செல்போனில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவது, ஹனபீ மத்ஹபில், பொருளைக் கண்டபின் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு கூடும். ஷாபியீ மத்ஹபின் உறுதியான சொல்லின்படி காணாத குறிப்பிட்ட பொருளை விற்பது கூடாது. எனவே செல்போனில் பேசுவதைப் பேச்சாகவே வைத்துக்கொண்டு, நேரில் கண்டபின் விற்பனையை முடிப்பதே இரு சாராருக்கும் பாதுகாப்பு. டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, வாங்க வராவிட்டால் அது எனக்கே என்று நிபந்தனையிடுவதை ஹனபீ, ஷாபியீ, மாலிக்கீ மத்ஹபினர் தடுக்கிறார்கள். ஹன்பலீ மத்ஹபில் ஆகும். ஒருவருக்குக் கொடுப்பதாக விலை முடிந்தபின் வேறொருவர் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டு அதை முறிப்பது ஹதீஸில் தடுக்கப்பட்ட செயல். முடிவதற்கு முன் போட்டியிட்டுக் கேட்பது ஏலத்தைப் போன்றது, ஆகும். தெரிந்த குறையை மறைப்பது பாவம். "எப்படி இருக்கிறதோ அப்படியே" என்று எழுதிப் போட்டுவிட்டால் தெரிந்த குறையைச் சொல்லும் கடமை நீங்கிவிடாது.

திருட்டுப் பொருள் விஷயத்தில் நம் வட்டாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆலையிலிருந்து தாமிரக் கம்பியும் மோட்டாரும் காணாமற்போவது புதிய செய்தியல்ல. அளவுக்கு மீறிய மலிவே ஓர் அடையாளம். பழைய செல்போன் வாங்குவோர், அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணுக்கு முன் கே.ஒய்.எம். என்ற எழுத்துகளைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள வழியிருந்தும் கேட்காமல் வாங்குகிறவர் அறியாமையைக் காரணம் காட்ட முடியாது. பழைய சாமானை விற்க முயல்கின்ற நம் வீட்டுப் பெண்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று எவர் சொன்னாலும் அவர் மோசக்காரர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை.

சைக்கிளின் கதை முடியவில்லை. கிதாபை மூடிவைத்துவிட்டு அந்த வரிசை வீட்டுக்குப் போனோம், பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்து அவருடைய செல்போன் எண்ணை வாங்கினோம். எத்தனை முறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும் உஸ்தாத் அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

"விற்பனை செல்லும். அது உனக்கே தெரியும்" என்றார்கள்.

"ஹஜ்ரத், அப்படியானால் மூர் மார்க்கெட்டில் தாங்கள் வாங்கிய கிதாபு?" என்று கேட்டுவிட்டோம். மரியாதைக் குறைவுதான். கோபித்துக்கொள்ளவில்லை.

"கடைக்காரருக்கும் விலை தெரியாது, எனக்கும் விலை தெரியாது. வேறெங்கும் அது விற்று நான் பார்த்ததில்லை. எனக்கு அதன் அருமைதான் தெரியும். உனக்கு விலை தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய்" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "இருந்தாலும் இரண்டு ரூபாய் குறைவுதான்" என்றும் சொன்னார்கள். அதன் பிறகு அந்தக் கதையை அவர்கள் பாடத்தில் சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

தமக்கை மகன் இப்போது வளர்ந்து கல்லூரிக்குப் போகிறான். சைக்கிளை விற்றுவிடலாம் என்று அவனே படமெடுத்துச் செல்போனில் போட்டான். விலையை நாம் சொன்னோம்: தொள்ளாயிரம், பின் பிரேக் பிடிக்காது என்பதையும் எழுதச் சொன்னோம். மறுநாள் மாலை சிப்காட் ஆலையொன்றில் வேலை செய்கிற பீஹார் இளைஞர் ஒருவர் வந்தார். சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தம் செல்போனை எடுத்து நம்மிடம் காட்டினார். அதே கம்பெனி சைக்கிள், மூவாயிரம் என்று போட்டிருந்தது.

"எல்லாரும் மூவாயிரம் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் பாய் தொள்ளாயிரம்? திருட்டு வண்டியா?" என்று கேட்டார்.

ஒடிசாக்கார இளைஞரின் கதையை அவருக்குச் சொல்லிப் பார்த்தோம். நம் ஹிந்தி போதவில்லை. யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார்.